கணக்கு முடியாத ஊர்

ஆடி பிறந்தால் மற்ற ஊர்க்காரர்களுக்கு அம்மன் கோயில் கூழும் ஜவுளிக்கடைத் தள்ளுபடியும் நினைவுக்கு வரும். புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில், அம்புலியாற்றையும் வில்லுனியாற்றையும் ஒட்டி வாழ்கிற எங்களுக்கு அது மொய் மாதம். கீரமங்கலம், கொத்தமங்கலம், குளமங்கலம், வடகாடு, மாங்காடு என்று எந்தப் பக்கம் போனாலும் மண்டப வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டியிருப்பார்கள். கல்யாணம் இல்லை, காதுகுத்து இல்லை, வீடு குடிபுகுதலும் இல்லை. ஆட்டுக்கறிச் சாப்பாடு போட்டு மொய் வாங்குவதுதான் விசேஷமே. கல்யாணம் வைக்காத மாதம் என்பதால் மண்டபம் சுலபமாகக் கிடைக்கும். செலவைப் பங்கு போட்டுக்கொண்டு பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஒரே பந்தலில் விருந்து வைப்பதும் உண்டு. பந்தி பொது, மொய் மேசை மட்டும் ஆளுக்கு ஒன்று.

வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் முதலில் சிரிப்பார்கள், பிறகு எவ்வளவு சேரும் என்று கேட்பார்கள். செய்தித்தாள்களும் அதைத்தான் கேட்கின்றன. 2019-ல் வடகாட்டில் ஒரு விவசாயியின் விருந்தில் மட்டும் 4 கோடி ரூபாய் சேர்ந்தது என்று எழுதினார்கள். 2022-ல் பேராவூரணி சட்டமன்ற உறுப்பினர் வைத்த விருந்தில் 10 கோடி என்று எழுதினார்கள். பணம் எண்ணும் இயந்திரத்தைப் பக்கத்தில் நின்று படமும் பிடித்தார்கள். படத்தைப் பார்ப்பவருக்கு ஏதோ லாட்டரி விழுந்தது போலத் தோன்றும். உள்ளூர்க்காரருக்கு அந்த எண் வேறு மாதிரித் தெரியும். 4 கோடி வாங்கியவருக்கு, அதில் அவர் முன்பு செய்த மொய் போக மிச்சமெல்லாம் கடன். அதை இனி ஒவ்வொரு ஆனியிலும் ஆடியிலும், ஊர் ஊராகப் போய், ஒருவர் விடாமல் திருப்பிச் செய்ய வேண்டும். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, ஜாமீன் கிடையாது. ஒரு நோட்டு மட்டும் உண்டு.

அந்த நோட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் விஷயம் புரியும். மேசையில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் எழுதுவார், இன்னொருவர் வாங்கி எண்ணி அண்டாவில் போடுவார். பழைய நோட்டுகள் துண்டில் சுற்றிக் காலடியில் இருக்கும். பெயரை வைத்துத் தேடினால் ஆள் கிடைக்க மாட்டார், ஒரே பெயரில் இருபது பேர் இருப்பார்கள். அதனால் நோட்டு ஊர் வாரியாகப் பிரிந்திருக்கும்.

"ஊருண்ணே?"

"செரியலூரு. மேலத்தெரு, வாத்தியார் மகன்னு பாருங்க."

"பழைய நடை ரெண்டாயிரம் இருக்கு."

"தெரியும்ப்பா. மூவாயிரமா எழுது."

"அப்ப புது நடை ஆயிரம். சாப்பிட்டுட்டுப் போங்கண்ணே."

இவ்வளவுதான் பேச்சு. இப்போது பல மண்டபங்களில் கணினி வந்துவிட்டது. பெயரைத் தட்டினால் பழைய நடை திரையில் வருகிறது, ரசீது அச்சாகிறது, செல்போனுக்குக் குறுஞ்செய்தியும் போகிறது. கருவி மாறினாலும் அந்த மூவாயிரத்தின் தர்க்கம் மாறவில்லை. அதில் இரண்டாயிரம், முன்பு வாங்கியதற்குச் சரி. மேலே வைத்த ஆயிரம் புதிது. மேசைக்கு வரும்வரை கடன்காரராக இருந்த மனிதர், சாப்பிட உட்காரும்போது கடன் கொடுத்தவராகிவிடுகிறார். சில வருடம் கழித்து அவர் விருந்து வைக்கும்போது இன்றைய விருந்துக்காரர் அந்த ஆயிரத்தையும் அதற்கு மேல் கொஞ்சத்தையும் கொண்டுபோக வேண்டும். பிறகு மறுபடியும் அவர்.

ஒருவர் வாங்கிய இரண்டாயிரத்தை அப்படியே இரண்டாயிரமாகக் கொண்டுவந்து வைத்தால் எழுதுகிறவரின் பேனா ஒரு நொடி நிற்கும். "முடிச்சுக்கிறீங்களாண்ணே?" என்று கேட்பார். கேள்வியில் வருத்தம் இருக்கும், கொஞ்சம் சந்தேகமும் இருக்கும். வரப்புத் தகராறா, பெண் கொடுக்கல் வாங்கலில் மனக்கசப்பா, ஊரை விட்டே போகிறாரா? கணக்கைச் சரியாகத் தீர்த்தவரைத்தான் எங்கள் பக்கம் பகையாளி என்று சந்தேகப்படுவார்கள். ஒரு பைசா பாக்கி வைக்காத நேர்மையாளர் என்று வேறு இடத்தில் பாராட்டப்படுகிறவர், இங்கே உறவை அறுத்துக்கொண்டவர் ஆகிவிடுகிறார்.

கணக்கைத் தீர்ப்பது ஏன் உறவை அறுப்பதாகிறது என்பது என்னைப் பல வருடங்களாகத் தொந்தரவு செய்கிற கேள்வி. யாருக்கும் எதுவும் பாக்கியில்லாமல் வாழ்வதுதான் நல்ல வாழ்க்கை என்று படித்தவர்கள் எல்லோரும் நம்புகிறோம். கடைசிக் கால ஆசை என்ன என்று கேட்டால், யாருக்கும் பாரமில்லாமல் போய்ச் சேர வேண்டும் என்போம். அந்த ஆசையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் யாருக்கும் பாரமாக இல்லாதவனின் வாசலை மிதிக்க யாருக்கும் காரணமும் இருக்காது என்பதை எங்கள் ஊர் எப்போதோ கண்டுபிடித்து, அதற்கு ஒரு நோட்டும் போட்டுவிட்டது.

பிரெஞ்சுக்காரர் மார்செல் மோஸ் 1925-ல் கொடையைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். பசிபிக் தீவுகளிலும் வட அமெரிக்கப் பழங்குடிகளிடமும் இருந்த வழக்கங்களை வைத்து அவர் சொன்னது: கொடுப்பது கடமை, மறுக்காமல் வாங்குவதும் கடமை, திருப்பிக் கொடுப்பதும் கடமை. இந்த மூன்றும் சேர்ந்துதான் மனிதர்களைச் சமூகமாகக் கட்டி வைக்கின்றன. அவரைக் கீரமங்கலத்து மண்டபம் ஒன்றில் மொய் மேசைக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தால் அரை நாளில் இதைச் சொல்லியிருப்பார். கூடவே நல்ல ஈரல் வறுவலும் கிடைத்திருக்கும்.

மொய் விருந்து ஆதிகாலத்து வழக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. விசேஷ வீட்டில் மொய் எழுதுவது பழசுதான். விசேஷமே இல்லாமல் மொய்க்கென்று விருந்து வைப்பது பேராவூரணிப் பக்கம் தொடங்கி இங்கே பரவியது என்பார்கள். பெரிய அளவில் வளர்ந்ததெல்லாம் என் தலைமுறை கண்ணால் பார்த்ததுதான். அதற்குக் காரணமாக நான் ஓர் ஊகம் வைத்திருக்கிறேன், அதற்கு ஆற்றுக்குப் போக வேண்டும்.

அம்புலியாறு காவிரி மாதிரி ஆறு இல்லை. எங்கோ மலையில் பிறந்து வருடம் முழுக்க ஓடிவருகிற பெருமை அதற்குக் கிடையாது. மழை பெய்தால் ஓடும், இல்லாவிட்டால் கிடக்கும். ஆடிப்பெருக்குக்குத் திருச்சியில் படித்துறை கொள்ளாமல் கூட்டம் நிற்கும்போது இங்கே ஆற்றுக்குள் சீமைக் கருவேலம்தான் நிற்கும். ஆனால் அந்த ஆறு ஓடிய கொஞ்ச நாள் தண்ணீரை வாங்கி வைக்க அணைக்கட்டும் வாய்க்காலும் ஏரியும் குளமுமாக ஓர் ஏற்பாடு இருந்தது. மேல் ஏரி நிறைந்தால் கலிங்கு வழியே கீழ் ஏரிக்குப் போகும், அது நிறைந்தால் அடுத்ததற்கு. எந்த ஏரியும் மொத்தத் தண்ணீரையும் தானே வைத்துக்கொள்ள முடியாதபடி கலிங்கின் உயரத்தைக் கட்டியிருந்தார்கள். மொய்யில் மேலே வைக்கிற ஆயிரமும் அந்தக் கலிங்குத் தண்ணீர்தான் என்று எனக்குத் தோன்றும். நம்மிடம் தங்கக் கூடாது, அடுத்த வாசலுக்குப் போக வேண்டும்.

அந்த ஏற்பாட்டில் பக்கத்து வயல்காரன் தயவில்லாமல் யாரும் வெள்ளாமை செய்ய முடியாது. மடை திறக்க முறை உண்டு. வாய்க்கால் வெட்ட வீட்டுக்கு ஓர் ஆள் போக வேண்டும். இரவு முறைத் தண்ணீருக்கு விளக்கோடு காவல் இருக்க வேண்டும். சண்டை வரும், மண்டை உடையும், மறுநாள் அதே மடையில் நின்று பேசித்தான் ஆக வேண்டும். பிறகு கிணறு வற்றியது, ஆழ்குழாய்க் கிணறு வந்தது. முந்நூறு அடி, அறுநூறு அடி, இப்போது அதற்கும் கீழே. அவரவர் நிலத்தில் அவரவர் மோட்டார். பொத்தானைத் தட்டினால் தண்ணீர். பக்கத்து வயல்காரனிடம் பேச வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் அந்தக் குழாயை இறக்க லட்சக்கணக்கில் பணம் வேண்டும். எங்கள் பக்கம் முதல் மொய் விருந்து வைத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் போர் போட்டதற்காக என்பார்கள். தண்ணீர் எங்களைப் பிரித்துவிட்டது, அந்தத் தண்ணீருக்கான பணம் மறுபடி சேர்த்து வைத்தது. ஊகம்தான். தப்பென்றால் வடகாட்டுப் பெரியவர்கள் திருத்தட்டும்.

போருக்குப் பிறகு பிள்ளையின் பொறியியல் படிப்பு, சிங்கப்பூர் ஏஜெண்டுக்குப் பணம், ஓட்டு வீட்டை இடித்து மாடி எடுப்பது என்று காரணங்கள் நீண்டன. வங்கிக்குப் போனால் சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று, இரண்டு ஜாமீன்தாரர். நகைக்கடைக்காரரிடம் போனால் வட்டி. மொய்க்கு வேண்டியது பத்திரிகை அடிக்கிற செலவும் ஆட்டுக்கறிச் செலவும். இவ்வளவு பெரிய வட்டியில்லாக் கடன் ஏற்பாட்டை எந்த அரசும் அறிவிக்கவில்லை, எந்த வங்கியும் நடத்தவில்லை. பூவும் பலாவும் தேங்காயும் விற்கிற ஊர்க்காரர்கள் தாங்களே கட்டிக்கொண்டது. இதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்கவில்லை.

வங்கிக் கடனுக்கு முகம் கிடையாது. மாதத் தவணை கணக்கிலிருந்து தானாகப் போய்விடும், யாருக்குக் கட்டுகிறோம் என்று நினைக்க வேண்டியதே இல்லை. மொய்க் கடனுக்கு முகமும் தெருவும் உண்டு, அவர் வீட்டுத் திண்ணையில் யார் படுத்திருப்பார் என்பது கூடத் தெரியும். அதுதான் அதன் பலம். கொடுமையும் அதுதான்.

2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் கரையேறியது. வேதாரண்யத்தில் நுழைந்து எங்கள் பக்கமாகத்தான் போனது. காலையில் பார்த்தால் தென்னந்தோப்புகள் ஒரே திசையில் படுத்துக் கிடந்தன. பலா மரங்கள், தாத்தா காலத்து மரங்கள், வேரோடு. வாழையைப் பற்றிப் பேசவே வேண்டாம். தென்னையை மறுபடி நட்டால் காய்க்க வருடங்கள் ஆகும். அந்த வருட ஆடியில் விருந்து வைத்து லட்சக்கணக்கில் வாங்கியிருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். தோப்பை நம்பி வாங்கிய கடன் நோட்டில் நிற்கிறது, தோப்பு தரையில் கிடக்கிறது. அடுத்த ஆனி வந்தபோது பத்திரிகைகள் வழக்கம்போல வந்தன. பத்திரிகை அனுப்பியவரும் புயலில் இழந்தவர்தான், அவருக்கும் தன் பணம் வர வேண்டும். யாரும் யாரையும் குறை சொல்ல முடியாத நெருக்கடி அது. தாலிச் செயினை அடகு வைத்து மொய் செய்தவர்கள் உண்டு. வட்டியில்லாக் கடனைத் திருப்ப வட்டிக்கு வாங்கியவர்கள் அவர்கள். வடகாட்டின் அந்த 4 கோடி, புயலுக்கு அடுத்த ஆடியில் சேர்ந்ததுதான்.

மொய் செய்ய முடியாதவருக்கு என்ன தண்டனை? கோர்ட் இல்லை, நோட்டீஸ் இல்லை. முதலில் போன் வரும். பிறகு பொதுவான உறவினர் ஒருவர் டீக்கடையில் ஜாடையாகச் சொல்வார். அதற்கும் மசியாவிட்டால் அவர் பெயருக்கு நேரே நோட்டில் இடம் காலியாகவே இருக்கும். அந்தக் காலி இடம் பிள்ளைகளுக்கும் போகும். பாகப்பிரிவினையில் நிலம், வீடு, மாடு பிரிப்பது போல மொய் நோட்டையும் பிரித்துக்கொள்கிற வழக்கம் இங்கே உண்டு. இந்தந்த ஊர்க் கணக்கு பெரியவனுக்கு, மற்றது சின்னவனுக்கு. செத்தாலும் கணக்கு முடிவதில்லை. கூலி வேலை செய்கிற நிலமில்லாதவர் இந்தச் சுழலில் ஐந்நூறும் ஆயிரமுமாகக் கட்டிக்கொண்டே இருப்பார். அவர் விருந்து வைத்தால் எத்தனை பேர் வருவார்கள் என்பது வேறு கேள்வி. பெருமை பேசும்போது இதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

எங்கள் பக்கத்துக் குலதெய்வங்கள் இந்த விஷயத்தில் மனிதர்களைவிடத் தாராளம். குளமங்கலத்தில் வில்லுனியாற்றங்கரையில் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில் இருக்கிறது. 33 அடி உயரக் குதிரை வானத்தைப் பார்த்து நிற்கும். மாசி மகத்தன்று அந்தக் குதிரைக்குக் காகிதப்பூ மாலைகள் வந்து குவியும். வேனில், டிராக்டரில், தலைச்சுமையாக என்று மாலைகள் வந்துகொண்டே இருக்கும். மாலைக்கடியில் குதிரை மறைந்துபோகும். பிள்ளை பிறந்ததற்கு, போரில் தண்ணீர் வந்ததற்கு, விசா கிடைத்ததற்கு. அய்யனாரிடம் பட்ட கடன் ஒரு மாலையோடு தீர்ந்துவிடுகிறது, அவர் புது நடை கேட்பதில்லை. கீரமங்கலத்தில் 81 அடி சிவனுக்கு முன்னால் நக்கீரருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். கடவுளிடமே குற்றம் குற்றம்தான் என்று வாதாடியவரை ஊர் அடையாளமாக வைத்துக்கொண்ட ஜனங்களிடம் கணக்கில் சலுகை எதிர்பார்ப்பது நம் தப்பு.

ஆனாலும் சலுகை கொடுத்தவர் ஒருவர் உண்டு. ஆலங்குடி வட்டாரத்தில் ஒரு டீக்கடைக்காரர். கஜாவுக்குப் பிறகு, தன் கடையில் கடனுக்கு டீ குடித்தவர்கள் யாரும் பாக்கி தர வேண்டாம் என்று போர்டு எழுதி வைத்தார். செய்தித்தாள்களில் வந்தது. தோப்பு போனவனிடம் டீக்காசு கேட்க அவருக்கு மனம் வரவில்லை. அதைப் படித்தபோது எனக்குள் எழுந்தது, மொய் நோட்டை யாராவது இப்படித் தள்ளுபடி செய்ய முடியுமா என்பதுதான். முடியாது. டீக் கடனைத் தள்ளினால் அது கருணை. மொய்யைத் தள்ளினால், இனி நீ என் வாசலுக்கு வர வேண்டாம் என்று சொன்னதாகிவிடும்.

அதே மனிதர் அந்த வருடம் இன்னொன்றும் செய்திருந்தார். ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது கடையில் மொய் விருந்து வைத்தார். டீ இலவசம், குடித்தவர்கள் தங்களால் முடிந்ததை மொய்யாகப் போட வேண்டும், பணம் கேரளத்துக்குப் போகும். மொய் போட்டவர்கள் யாரும் கேரளத்திலிருந்து திரும்பி வரும் என்று போடவில்லை. எந்த நோட்டிலும் ஊர் வாரியாக எழுதவும் இல்லை. மூன்று மாதத்தில் கஜா வந்தது. கேரள அரசு 10 கோடி ரூபாய் கொடுத்தது. கேரள மின்வாரியத் தொழிலாளர்கள் புயல் அடித்த மாவட்டங்களுக்கு வந்து, சாய்ந்த கம்பங்களை நிமிர்த்தினார்கள். அதற்கு டீக்கடை மொய்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொன்னால் அது கதை கட்டுவது. ஆனால் எங்கள் ஊர்க்காரர்கள் அந்த மலையாளத் தொழிலாளர்களைப் பார்த்தபோது என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியும். "செஞ்ச மொய் வந்துருச்சு பாரு."

இந்த வாக்கியத்தில் ஒரு வழி இருப்பதாக நினைக்கிறேன். யாருக்குக் கொடுத்தோமோ அவனிடமிருந்தே வாங்கியாக வேண்டும், கொடுத்த அளவுக்கு மேல் வாங்கியாக வேண்டும் என்கிற இடத்தில்தான் மொய் கழுத்தை இறுக்குகிறது. 2019-ல் கொத்தமங்கலம், கீரமங்கலம் பக்கத்து இளைஞர்கள் கைக்காசு போட்டு, வெளிநாட்டில் இருக்கிறவர்களிடம் கேட்டு வாங்கி, ஏரி குளங்களைத் தூர்வாரினார்கள். பொக்லைன் வாடகைக்கு யார் எவ்வளவு கொடுத்தார் என்று வாட்ஸ்அப்பில் தினமும் கணக்குப் போட்டார்கள். மொய் நோட்டு வைத்துப் பழகிய ஊருக்கு அது கைவந்த கலை. மழை பெய்து குளம் நிறைந்தபோது கொடுத்தவன் கொடுக்காதவன் என்று பார்த்துத் தண்ணீர் ஊறவில்லை. அந்த நோட்டில் யாருக்கும் பழைய நடை கிடையாது.

என் அத்தையிடம் இதைச் சொன்னேன். மாமா போன பிறகு நோட்டு அவரிடம்தான் இருக்கிறது. எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், ஆனால் ஊர் வாரியாக யாருக்கு எவ்வளவு என்பது மனப்பாடம். சிங்கப்பூரில் இருக்கிற அவர் மகன், எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் செட்டில் பண்ணிவிடலாம், நான் பணம் அனுப்புகிறேன், இந்தத் தலைவலி வேண்டாம் என்று போனில் சொல்லிக்கொண்டே இருக்கிறான். அவனுக்கு அங்கே மாதக் கடைசியில் எல்லாக் கணக்கும் முடிந்து சுத்தமாக இருக்க வேண்டும். அவன் சொல்வதிலும் நியாயம் உண்டு. கடைசியில் சுமை அவன் தலையில்தான்.

அத்தை என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏண்டாப்பா, எல்லாத்தையும் முடிச்சுப்புட்டா, எனக்கு மேலுக்கு முடியலன்னா எட்டிப் பாக்குறதுக்கு அவன் சிங்கப்பூருலேருந்தா வருவான்?"

பிறகு அவரே ஒரு திட்டமும் சொன்னார். கூலிக்காரர்கள் கணக்கில் புது நடை வாங்க வேண்டாம் என்று எழுதுகிற பையனிடம் சொல்லிவிடப் போகிறாராம். பழையது வந்தால் போதும், அதுவும் முடிந்தபோது. வசதியானவர்களிடம் பேச்சே கிடையாது, கட்டாயம் மேலே வைக்க வேண்டும். அது சரியா தப்பா என்று ஊரில் பேச்சு வரும், வரட்டும் என்றார். கூலிக்காரர்கள் அதை மரியாதையாக எடுத்துக்கொள்வார்களா, அவமானமாக எடுத்துக்கொள்வார்களா என்று நான் கேட்டதற்கு, "அது நான் சொல்ற விதத்துல இருக்கு" என்று சொல்லிவிட்டு நோட்டைப் பிரித்தார்.

அடுத்த வாரம் கொத்தமங்கலத்திலும் வடகாட்டிலும் ஒரே நாளில் விருந்து. அத்தைக்கு இரண்டு இடத்திலும் பழைய நடை இருக்கிறது. வடகாட்டில் பதினோரு மணிக்கே பந்தி போட்டுவிடுவார்கள், அங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டுக் கொத்தமங்கலத்தில் மொய் மட்டும் எழுதிவிட்டு வரலாம் என்றேன். அத்தை ஒப்பவில்லை. கொத்தமங்கலத்தில் சாப்பிடாமல் வந்தால் அதுவும் ஒரு கணக்காகிவிடுமாம்.